கைக்கு ஊற்றிய அச்சு

முப்பத்தாறாம் நாள் காலையில் கோவிந்தராசு பெண்டாட்டியின் கையிலிருந்து அச்சைப் பிரித்தான். செராமிக் கொட்டகையில் எந்த அச்சையும் எப்படிப் பிரிப்பானோ அப்படித்தான் பிரித்தான். சைக்கிள் டியூப்பில் அறுத்த ரப்பர் வாரை முதலில் அவிழ்த்தான். மரச்சுத்தியால் ஓரத்தில் மூன்று தட்டு. பிறகு இரண்டு கட்டைவிரலையும் இடுக்கில் கொடுத்து மெல்ல விரித்தான். மேல் பாதி பொக்கென்று கழன்று அவன் கையோடு வந்தது. கீழ்ப் பாதியில் காசியம்மாளின் வலது கை கிடந்தது.

"சுத்தமா வந்துடுச்சி பாரு," என்றான். ஜாடி அச்சு ஒட்டாமல் பிரிந்தால் சொல்வானே, அதே குரல்.

காசியம்மாள் அச்சைப் பார்க்கவில்லை. கை ஊறிப்போன காகிதம் போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. புறங்கையில் நாலணா அகலத்துக்கு இரண்டு கருந்தழும்பு. அழுகல் நாற்றம் அடித்தது. அடையாளத்துக்கு அது அவள் கைதான், சின்ன வயதில் அரிவாள் பட்ட வடு மணிக்கட்டில் இருந்தது.

"மடக்கு பாப்பம்."

மடக்கினாள். ஆள்காட்டி விரலும் நடு விரலும் பாதி தூரம் வந்து நின்றுவிட்டன. மோதிர விரல் வேறு வழியில் போனது. நேராக உள்ளங்கைக்கு வராமல் சாய்ந்து, நடு விரலுக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டது. சுண்டு விரலும் அதன் பின்னாலேயே சாய்ந்தது.

"இன்னாய்யா இது?"

"இறுக்கம். இத்தினி நாளு கட்டிக் கெடந்தது இல்ல? நல்லெண்ண போட்டு நீவுனா சரியாப் பூடும்."

"வெரலுக்கு அடியில வெரலு பூருது. எண்ண போட்டா வெளிய வருமா?"

கோவிந்தராசு அச்சின் மேல் பாதியைத் திருப்பி, உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். விரல் ரேகை கூடப் பதிந்திருந்தது. குறை ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததும் காசியம்மாளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ, இடது கையால் ரப்பர் வாரை எடுத்து அவன் முகத்தில் எறிந்தாள்.

"அச்சப் பாக்குறான் பாரு! அச்ச! கையப் பாருய்யா!"

அவள் ராஜமாணிக்கம் முதலாளியின் கொட்டகையில் ஏழு வருசமாகக் கைப்பிரஸ் ஓட்டியவள். மின்சாரப் பெட்டியில் செருகுகிற வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டை அடிக்கிற பிரஸ் அது. தோள் உயரத்தில் குறுக்காக ஓர் இரும்புக் கை, அதன் இரண்டு முனையிலும் தேங்காய் அளவு இரும்புக் குண்டு. இடது கையால் இழுத்துச் சுழற்றிவிட்டால் திருகு இறங்கி மண்ணை அழுத்தும். குண்டுகள் திரும்பி எதிர்ப்பக்கம் சுற்றும்போது திருகு ஏறும். ஏறின அந்த நொடியில் வலது கையை விட்டுக் கட்டையை எடுத்து, அடுத்த பிடி மண்ணைப் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கை உள்ளே போய் வெளியே வரும். குண்டு ஓர் அளவுக்கு மேல் சுற்றி வராமலிருக்க ஒரு தடுப்பு ஆணி உண்டு. அது உடைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"மொதலாளி, ஆணி போயிடுச்சிங்க. குண்டு காதுகிட்ட வந்துட்டுப் போவுது."

"வெல்டிங்காரன் வேப்பூர் போயிருக்கான்மா. வந்ததும் போட்டுடலாம். நீ பழக்கப்பட்டவ, பாத்து ஓட்டு."

மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் வெல்டிங்காரன் வேப்பூரில்தான் இருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம், ஆனிக் காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த நேரம், குண்டு முழுச் சுற்று சுற்றி வந்து, கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்த அவள் வலது புறங்கையில் இறங்கியது. காய்ந்த மல்லாட்டைக் கடலையை மிதித்தால் வருகிற சத்தம். பக்கத்தில் ஈரப் பஞ்சால் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஜைத்தூன் பீவிதான் "யா அல்லா" என்று ஓடி வந்து பிடித்தாள். முதலாளியும் ஓடி வந்தார். வந்தவர் முதலில் பிரஸ்ஸைத்தான் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாங்க," என்றான் கோவிந்தராசு. அவன் அதே கொட்டகையில் பதினெட்டு வருசமாக அச்சு ஊற்றுகிறவன்.

"போவலாம்டா. போனா எங்க அடிபட்டுதும்பான், எழுதுவான், இன்ஸ்பெக்டர் வருவான், ரெண்டு மாசத்துக்குக் கொட்டாய சாத்துவான். நாப்பது பேரு சோத்துக்கு எங்க போவீங்க?" முதலாளி குரலைத் தாழ்த்தி அவன் தோளில் கை வைத்தார். "இதப் பாரு, ஆஸ்பத்திரில போடறது மாவுக்கட்டு. அது இன்னா மாவு? நீ தெனம் கரைக்கிற அதே மாவுதான. அவன் கட்டுறது முண்டும் முடிச்சுமா இருக்கும். உன் அச்சு மாதிரி வருமா? உன் கை சுத்தம் யாருக்குடா இருக்குது?"

பதினெட்டு வருசத்தில் முதலாளி வாயிலிருந்து கோவிந்தராசு கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான். அது அவனைக் கவிழ்த்துவிட்டது.

நான்கு பலகையை நிறுத்திப் பெட்டி கட்டினான். அவள் கையில் எண்ணெயும் சோப்புக் கரைசலும் தடவினான். விரல்களைத் தட்டையாக நீட்டி வைத்து, பாதிக் கை மூழ்க மாவை ஊற்றினான். அது இறுகியதும் மேலே சோப்பைத் தடவி மறுபாதியை ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் மாவு சூடேறத் தொடங்கியது. சூடு ஏறிக்கொண்டே போனது.

"சுடுதுய்யா. ஐயோ, வேவுதுய்யா, எடு!"

"எல்லா அச்சும் இறுகுறப்ப சுடும். ஆறிடும், பொறுத்துக்க."

அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு தலையை மேஜையில் முட்டினாள். ஜைத்தூன் பீவி அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். மேலே மாவு முழுக்கக் கெட்டியாவதற்குள் கோவிந்தராசு ஆணியை எடுத்து, எந்த அச்சுக்கும் செய்கிற மாதிரி, முதுகில் கீறினான். முதலாளி பேருக்கு ஒரு 'ரா'. தேதி 14-7-73. கீழே தன் பேருக்கு ஒரு 'கோ'. எந்தக் கொட்டகை அச்சு, என்றைக்கு ஊற்றியது, எவன் ஊற்றியது என்று பின்னால் தெரிய வேண்டுமல்லவா? கை தானாகவே அதைச் செய்தது.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து நாள். ஓரமெல்லாம் செதுக்கியும் நாலு சேர் கனம். அம்மிக் குழவியைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்ட மாதிரி. இடது கையால் கூழ் குடித்தாள். தலையை ஜைத்தூன் பீவி வாரிவிட்டாள். ஆடிப் புழுதி உள்ளே இறங்கி அரிப்பெடுத்தால் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுச் சொறிந்தாள். ராத்திரி புரண்டு படுத்தால் அச்சு விலாவில் இடித்தது. அத்தனையும் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், பிரித்தால் கை இருக்கும் என்கிற நம்பிக்கை. இப்போது பிரித்தாயிற்று.

சத்தம் கேட்டு ஜைத்தூன் பீவி பக்கத்து வூட்டிலிருந்து வந்தாள். ரொட்டி மாவு பிசைந்த கையோடு வந்தவள், காசியம்மாளை மடக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கோவிந்தராசு பக்கம் திரும்பினாள்.

"ஏன் கோவிந்தராசு, அச்சு ஊத்துனதோட நிறுத்திட்ட? அப்பிடியே சூளையில வச்சி சுட்டுக் குடுத்துருந்தா பளபளன்னு இருந்துருக்குமே."

"நீ வேற ஏன்க்கா."

"அக்காவாம்! நான் அன்னைக்கே தலதலயா அடிச்சிக்கிட்டன், எங்க கொழுந்தனாருக்குக் கை ஒடஞ்சப்ப பாண்டிச்சேரியில கம்பி வச்சாங்க, அங்க கூட்டினு போன்னு. மொதலாளி தோள்ல கை போட்டாரு, உனக்குக் கண்ணு தெரியாமப் போச்சி. காசி, திங்கக்கெழம மொத பஸ்ஸு. நானும் வர்றன்."

திங்கட்கிழமை கோவிந்தராசும் வந்தான். முதலாளி அவன் கேட்காமலே லீவு கொடுத்திருந்தார். அதோடு ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்திருந்தார்: எவன் கேட்டாலும் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள், அவ்வளவுதான்.

கிளம்பும்போது காசியம்மாள் அச்சின் இரண்டு பாதியையும் மஞ்சள் பையில் போட்டாள்.

"அத எதுக்குத் தூக்கியார? சூளைக்குப் பின்னால போட்டு ஒடச்சிடறன்."

"டாக்டரு பாக்கட்டும், எதுல கெடந்துச்சின்னு. என் கழுத்துல அஞ்சி வாரம் தொங்குச்சி. இன்னைக்கு ஒரு நாளு உன் தோள்ல தொங்கட்டும். புடி."

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். நெய்வேலி தாண்டி, பண்ருட்டி தாண்டி, பஸ் குலுங்கும்போதெல்லாம் பைக்குள் இரண்டு பாதியும் கடகடவென்று மோதிக்கொண்டன.

பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் டாக்டர் தர்மராஜ் சின்ன வயசுக்காரர். எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் தூக்கிப் பிடித்து, காசியம்மாளைக் கூப்பிட்டு அவளுக்கே காட்டினார். உள்ளங்கைக்குள் இருக்கிற நீள எலும்புகளில் இரண்டு, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போகிறவை, நடுவில் முடிச்சு விழுந்த கயிறு மாதிரி புடைத்திருந்தன.

"எலும்பு கூடிடுச்சும்மா. ஆனா திரும்பிக் கூடியிருக்கு. நீட்டி வச்சா தெரியாது. மடக்குனாத்தான் தெரியும். இங்க பாருங்க." தன் கையை மடக்கிக் காட்டினார். "மடக்குனா நாலு நகமும் மணிக்கட்டுல ஒரே பக்கமாப் பாக்கணும். உங்களுக்கு ரெண்டு வேற பக்கம் பாக்குது. விரலை நீட்டியே கட்டுனதால கணுவும் இறுகிப் போச்சு. அஞ்சு விரலையும் ஒண்ணா மூழ்கடிச்சு யாரு இப்படிக் கட்டுனது?"

கோவிந்தராசு மஞ்சள் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான்.

"இப்ப இன்னா செய்யலாம் சாமி?" என்றாள் ஜைத்தூன் பீவி.

"மூணு வழி இருக்கு. ஒண்ணு, இப்படியே விட்டுடறது. பயிற்சி செஞ்சா கொஞ்சம் மடங்கும், ஆனா பிடி வராது. குடம் தூக்க முடியாது, துணி பிழிய முடியாது. ரெண்டாவது, கையைக் கீறி, எலும்பைத் திரும்ப வெட்டி, சரியாத் திருப்பி வச்சு, மெல்லிசுக் கம்பி செருகறது. கம்பி முனை தோலுக்கு வெளியே நிக்கும், எலும்பு கூடுனதும் உருவிடலாம். அது இங்கேயே செய்யறேன். மூணாவது, கம்பிக்குப் பதிலாச் சின்னத் தகடு வச்சு திருகாணி போடறது. அது கெட்டியா நிக்கும், சீக்கிரமா விரலை அசைக்கலாம். ஆனா கை எலும்புக்கு உண்டான அவ்வளவு சின்னத் தகடு இங்க இல்ல. மெட்ராஸுக்கு எழுதிக் கேக்கணும், எப்ப வரும்னு சொல்ல முடியாது. நாள் ஆக ஆகக் கணு இன்னும் இறுகும்."

"கம்பி வச்சா பழைய கை வந்துடுங்களா?" என்றாள் காசியம்மாள்.

"பழைய கைன்னு பொய் சொல்ல மாட்டேன். விரல் மேல விரல் ஏறாது. பாதிக்கு மேல பிடி வரும். மிச்சம் நீங்க மடக்கற மடக்குல இருக்கு."

காசியம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடிபட்ட அன்னைக்கே வந்துருந்தா?"

டாக்டர் படத்தை ஜன்னலிலிருந்து இறக்கினார். "வந்திருந்தா கீறவே வேண்டியிருந்திருக்காதும்மா. மயக்கம் குடுத்து, இழுத்து நேராக்கி, வெளியிலிருந்தே கம்பி செருகியிருப்போம். நாலு வாரத்துல உருவிட்டு, இந்நேரம் நீங்க துணி பிழிஞ்சிருப்பீங்க."

காசியம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். கோவிந்தராசு தரையைப் பார்த்தான்.

நர்ஸம்மா பதிவு நோட்டை விரித்தாள். "எங்க அடிபட்டுது?"

"கெணத்தடியிலங்க. பாசி வழுக்கி வுட்டுடுச்சிங்க," என்றான் கோவிந்தராசு. பாடம் செய்தது போலவே வந்தது.

டாக்டர் மஞ்சள் பையிலிருந்து மேல் பாதியை எடுத்துக் கனம் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகைத் திருப்பினார். ஆணிக் கீறலில் அழுக்கேறி எழுத்து முன்னைவிடத் தெளிவாக இருந்தது.

"ரா. பதினாலு, ஏழு, எழுபத்துமூணு. கோ." நிமிர்ந்து கோவிந்தராசைப் பார்த்தார். "உங்க ஊர் கிணத்தடியில தேதி போட்டு மார்க்கும் போடுவாங்களாய்யா?"

கோவிந்தராசு எட்டிப் பார்த்தான். அந்த எழுத்தை அவன் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், படித்ததில்லை. தினமும் இருபது அச்சில் கீறுகிற எழுத்து.

"எழுதிக்கிங்கம்மா," என்றாள் காசியம்மாள். குரல் உயரவில்லை. ஆனால் வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "விருத்தாசலம், ராஜமாணிக்கம் செராமிக் கொட்டாய். கைப்பிரஸ்ஸு. தடுப்பு ஆணி ஒடஞ்சி மூணு வாரம். மூணு தரம் சொன்னன். குண்டு சுத்தி வந்து அடிச்சிது. இவுரு என் ஊட்டுக்காரரு. மொதலாளி சொன்னாருன்னு என் கைக்கு அச்சு ஊத்துனாரு. 'ரா' மொதலாளி, 'கோ' இவுரு. வுடாம எழுதுங்க."

"காசி, என் வேல பூடும்," என்றான் அவன் மெதுவாக.

"உன் வேல. என் கையி?"

சம்மதக் காகிதத்தில் புருஷன் கையெழுத்துப் போட வேண்டும் என்று நர்ஸம்மா அவனைக் கூப்பிட்டாள். காசியம்மாள் அவனுக்கு முன்னால் போய் மைப்பெட்டியில் விரலை அழுத்தினாள். "ஏற்கெனவே ஒரு தரம் அவுரு கையெழுத்துப் போட்டுட்டாரு. இதுல நான் வக்கிறன்."

அக்குளில் ஊசி போட்டு கையை மரக்கச் செய்துதான் ஆபரேஷன் நடந்தது. முகத்துக்குக் குறுக்கே துணி. வலி இல்லை. ஆனால் உளி வைத்துத் தட்டுகிற சத்தம் கேட்டது. தன் எலும்பைத்தான் தட்டுகிறார்கள் என்று தெரிந்தே படுத்திருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முகத்தை நினைத்துக்கொண்டாள். பெரும்பாலும் முதலாளி முகம். நாலைந்து தட்டு கோவிந்தராசுக்கும் போயிற்று.

கம்பி முனைகள் தூண்டில் முள் மாதிரி வளைந்து ஐந்து வாரம் வெளியே நின்றன. ஒரு நாள் டாக்டர் குறடால் பிடித்து ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். "இனிமே உங்க வேலை. காலையில நூறு, மத்தியானம் நூறு, சாயங்காலம் நூறு. மடக்கணும், நீட்டணும். வலிக்கும். நிறுத்தக் கூடாது."

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள், நர்ஸம்மா எழுதியதை வைத்துக் கொட்டகைக்குக் காகிதம் வந்துவிட்டிருந்தது. தொழிலாளர் ஆபீசிலிருந்து ஆள் வந்து விசாரிப்பார், ஆதாரம் இருந்தால் காட்டலாம் என்று. முதலாளி அவளை உள்ளே விடவில்லை. "கெணத்தடியில வுழுந்தவளுக்குச் செராமிக்குல இன்னா வேலை?" என்று தகரக் கேட்டுக்குள் இருந்தே சொல்லியனுப்பினார். கோவிந்தராசை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த அச்சை அவன்தான் கொண்டுவர வேண்டும். அதற்காகத்தான் வைத்துக்கொண்டார் என்பது அவனுக்கும் தெரியும்.

அவன் வூட்டில் தேடினான். பரண், அடுப்படி, விறகுக் குவியல், நெல்லுப் பானை. காசியம்மாள் புங்கங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வச்சிருக்கற?"

"தேடு. அச்சுன்னா உனக்கு உசுராச்சே, வாசனையிலியே கண்டுபுடிப்ப."

மறுநாள் எட்டு மணிச் சங்கு ஊதும்போது அவள் கொட்டகை கேட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். வலது கையை முழங்கால் மேல் வைத்து மடக்கினாள், நீட்டினாள். மடக்கினாள். விரல்கள் உள்ளங்கையைத் தொடவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் வைக்கிற இடைவெளி இருந்தது. ஆனால் நாலு விரலும் வரிசையாக வந்தன, ஒன்றன் அடியில் ஒன்று போகவில்லை. ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. தண்ணீரோடு எண்ணினாள்.

காலையில் நூறு. மத்தியானம், சாப்பாட்டுக்கு ஆட்கள் வெளியே வரும்போது நூறு. சாயங்காலம் சங்கு ஊதும்போது நூறு. வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஜைத்தூன் பீவி வெளியே வந்து மீன்கொழம்புச் சோற்றை அவளுக்கு உருட்டிக் கொடுத்துக்கொண்டே, கேட்டுக்குக் கேட்கிற குரலில், "நல்லா இறுக்கி மடக்கும்மா. உள்ள இருக்கிறவருக்குத் தெரியட்டும், உனக்கு எம்மாம் பலம் வந்துருக்குதுன்னு," என்றாள். இரண்டாம் நாள் முதலாளி கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் இறங்கி வந்தார். பின்னால் கோவிந்தராசு.

"இன்னாம்மா இது? தெனம் வந்து வாசல்ல உக்காந்துகினு எனக்குக் குத்து காட்டுற?"

"முப்பத்தெட்டு. உங்களுக்கு இல்லீங்க மொதலாளி. டாக்டரு மடக்கச் சொன்னாரு. முப்பத்தொம்பது."

"ஊட்ல உக்காந்து மடக்கறது."

"ஊட்ல கெணத்தடி வழுக்குதுங்க. நாப்பது."

கேட்டுக்குள் யாரோ சிரித்தார்கள். முதலாளி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

"இதப் பாரு காசியம்மா. நடந்தது நடந்துபோச்சி. நாளைக்கே வேலையில சேத்துக்கறன். பிரஸ்ஸு வேணாம், ஒக்காந்த எடத்துல எண்ணி அடுக்கற வேல. அந்த அச்ச மட்டும் குடுத்துடு. அது கொட்டாய் மாவு, கொட்டாய் சாமான்."

"நாப்பத்திமூணு. கொட்டாய் சாமான் கொட்டாயில ஊத்துனதுதான? அதத்தான் எழுதியிருக்குது அதுல. நாப்பத்திநாலு."

முதலாளி கோவிந்தராசைப் பார்த்தார். "டேய், நீ சொல்றா. புருஷன்தான நீ?"

கோவிந்தராசு கையிலிருந்த மாவைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றான். பெண்டாட்டியின் கையைப் பார்த்தான். இந்தத் தடவை கையைத்தான் பார்த்தான்.

"அது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றான். "தெரிஞ்சிருந்தா ஒடச்சிருப்பன். அதாங்க அவ எங்கிட்ட சொல்லல."

காசியம்மாள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாப்பத்தொம்பது. கொட்டகைக்குள் கைப்பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இடத்தில் இப்போது அம்சவல்லி. போன தையில் கல்யாணமாகி வந்த பெண். திருகு இறங்குகிற முனகல், ஏறுகிற முனகல், பிறகு குண்டுகள் காற்றைக் கிழித்துக்கொண்டு அளவுக்கு மேல் சுற்றுகிற விஸ்ஸென்ற சத்தம். ஏழு வருசம் கேட்ட காதுக்கு அது என்னவென்று தெரியும்.

அவள் கையை மடக்கியபடியே வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"தடுப்பு ஆணி போட்டாச்சா மொதலாளி?"

முதலாளி கார் பக்கம் திரும்பினார். உள்ளே குண்டு இன்னொரு சுற்று சுற்றியது.

"அம்சவல்லி!" காசியம்மாள் போட்ட சத்தத்தில் கேட்டுத் தகரம் அதிர்ந்தது. "கைய வெளிய எடுடி! எடுத்துட்டு வெளிய வா!"

பிரஸ் நின்றது. பக்கத்துக் கொட்டகைகளிலும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி என்னவோ கத்தினார்.

அவள் மறுபடி மரத்தடியில் உட்கார்ந்தாள். முழங்கால் மேல் கையை வைத்தாள்.

"அம்பது," என்றாள்.